நடுநிலையும் நடுப்புள்ளியும்

மாட்டுச் சந்தையில் விலை பேசும் முறையை நம் பகுதியார் அறிவர். தரகர் தம் தோள் துண்டை விரித்து, அதன் மறைவில் வாங்குவோன் விரல்களைப் பற்றி ஒரு தொகையைக் குறிப்பார். பின் விற்போன் கையைப் பற்றுவார். ஒருவன் ஏற்றிக் கேட்பான், மற்றவன் இறக்கிக் கேட்பான். துண்டு இரண்டு மூன்று முறை கைமாறிய பின்னர், இருவர் கேட்டதற்கும் இடைப்பட்ட ஒரு தொகையில் பேரம் முடியும். இதில் குறை கூற ஒன்றுமில்லை. விலை என்பது இருவர் மனம் ஒப்பி ஏற்படுத்திக்கொள்வது. அவர்கள் ஒப்புவதற்கு முன் அது எங்கும் இருந்ததில்லை.

அதே சந்தையில் மாட்டின் வயதைப் பற்றி வழக்கு எழுந்தால் நிலைமை வேறு. விற்போன் ‘நாலு பல்’ என்கிறான்; வாங்குவோன் ‘எட்டுப் பல்’ என்கிறான். ‘சரி, ஆறு பல் என்று வைத்துக்கொள்வோம்’ என எந்தத் தரகரும் தீர்ப்புக் கூறுவதில்லை. மாட்டின் வாயைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார். 1824ஆம் ஆண்டிலேயே கால்நடைப் பண்ணை கண்ட மத்திகிரியைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஓசூர் மக்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயினும், மாட்டின் பல்லில் நாம் செய்யாத தவற்றை மனிதரின் வழக்குகளில் நாள்தோறும் செய்து வருகிறோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

‘இரு தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருக்கும், இரு தரப்பிலும் கொஞ்சம் தவறு இருக்கும், உண்மை நடுவில்தான் இருக்கும்’ என்பது படித்தவர், படியாதவர் எல்லோர் வாயிலும் வழங்கும் பேச்சு. பஞ்சாயத்தில் இதைச் சொல்பவர் பெரியமனிதர் எனப்படுவார். வகுப்பில் இதைச் சொல்லும் ஆசிரியர் பக்குவமானவர் எனப்படுவார். எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இந்தப் பழக்கம் சற்றுக் கூடுதலாகவே உண்டு எனலாம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர்களில், எவரையும் பகைத்துக்கொள்ளாமல் இடையில் நிற்பது பிழைக்கும் வழியாக இருந்திருக்கிறது. பிழைக்கும் வழியைப் பழிக்க நாம் வரவில்லை. அது உண்மையைக் காணும் வழியாகாது என்பதைத்தான் கூறுகிறோம்.

1970களில் தொடங்கி ஓசூரைச் சுற்றி எழுந்த தொழிற்பேட்டைகளில் நம் மாணவர்கள் பலர் பணியாற்றுகின்றனர். 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் குறைந்த அளவு 8.33 விழுக்காடு, உயர்ந்த அளவு 20 விழுக்காடு என வரம்பு கட்டியது. நிர்வாகம் கீழ் எல்லையில் தொடங்கும். சங்கம் மேல் எல்லையில் தொடங்கும். இடையில் எங்கேனும் கையெழுத்தாகும். இது துண்டுக்கடியில் பேசும் பேரத்தைப் போன்றதே. ஆனால் பிரஸ் இயந்திரத்தில் ஒரு தொழிலாளியின் விரல்கள் நசுங்கிய நாளில், இயந்திரத்துக்குக் காப்புத் தடுப்பு இருந்தது என ஒருவரும் இல்லை என ஒருவரும் கூறுவாராயின், பாதித் தடுப்பு இருந்தது என முடிவு கட்டலாகாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அபாயமான உறுப்புகளுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. அது இருந்ததா, இல்லையா என்பதைச் சென்று பார்த்துத்தான் அறிய வேண்டும்.

நடுநிலை என்னும் சொல்லே நம்மைத் தடுமாறச் செய்கிறது என்று தோன்றுகிறது. வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே அவர் காட்டும் உவமை துலாக்கோல். துலாக்கோல் பொருளை வைக்கும் முன் சமனாக நிற்கும். வைத்த பின் எத்தட்டில் எடை மிகுதியோ அத்தட்டு தாழும். பொருளை வைத்த பிறகும் சமனாகவே நிற்கும் கோலைக் கடைக்காரர் பழுதுபட்டது என ஒதுக்கிவிடுவார். விசாரிக்கும் முன் எவர் பக்கமும் சாயாதிருப்பது நடுநிலை. விசாரித்த பின்னும் சாய மறுப்பது வேறொன்று. அதற்கு நடுப்புள்ளி என்று பெயரிடுவோம்.

நடுப்புள்ளியில் நிற்பவர் இரு முனைகளையும் தாம் வைப்பதில்லை. முனைகளை வைப்பவர் பிறர். அவற்றை நகர்த்தினால் நடுவும் நகரும். பத்து ரூபாய் கடன்பட்டவனிடம் நூறு ரூபாய் கேட்டு வழக்காடுபவனுக்கு, இடையில் பிரித்துக்கொடுக்கும் பஞ்சாயத்தார் ஐம்பத்தைந்து ரூபாய் வாங்கிக்கொடுப்பர். அடுத்த முறை அவன் இருநூறு கேட்பான். மெய் கூறியவனே இழக்கிறான், மிகைப்படுத்தியவன் வெல்கிறான். நம் மக்கள் வரலாற்றில் இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பாராமகால் என வழங்கிய நம் நிலப்பகுதி, சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர் சேர்ந்தது. பாராமகாலின் வரி நிர்வாகத்துக்குக் காப்டன் அலெக்சாந்தர் ரீடு தலைவரானார். அவருக்கு உதவியாக வந்த இளம் இராணுவ அதிகாரிகளுள் தாமஸ் மன்றோவும் ஒருவர். வயல் வயலாக அளந்து, உழவனிடமே நேரில் வரி பெறும் இரயத்துவாரி முறைக்கு இம்மண்ணில்தான் வித்திடப்பட்டது. வங்காளத்தில் கார்ன்வாலிசு 1793இல் நிறுவிய ஜமீன்தாரி முறையே சிறந்தது என்பார் ஒரு தரப்பு; இரயத்துவாரியே சிறந்தது என்பார் மறு தரப்பு. ரீடு சென்ற பின் 1802 முதல் சேலம் மாவட்டத்தில் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலமிடப்பட்டன. மிட்டாதாரர் பலர் வரி கட்ட இயலாது வீழ்ந்தனர். 1808 முதல் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களில், ஜமீன்தாரிக்கும் இரயத்துவாரிக்கும் இடைப்பட்டதாகக் கிராமக் குத்தகை என்றொரு மூன்றாம் வழியும் முயலப்பட்டது. 1820இல் மன்றோ ஆளுநரான பிறகு இரயத்துவாரி நிலைபெற்றது.

பாடநூல்களில் இதனை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஜமீன்தாரின் நன்மை தீமை, இரயத்தின் நன்மை தீமை என்று மாணவர் இரு பத்திகளில் எழுதி முழு மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அப்பெருவழக்கில் நிலத்தை உழுத படியாளும் பண்ணையாளும் ஒரு தரப்பாகவே எண்ணப்படவில்லை. பட்டா யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதே வழக்கு. பட்டாவே பெற முடியாதவன் எந்த முனையிலும் இல்லை. அவனைப் பற்றிய உண்மை அவ்விரு கருத்துகளுக்கும் நடுவில் கிடைக்காது. அக்கோட்டுக்கு முற்றும் வெளியே, சேரியில் கிடந்தது.

அடிமை முறையைப் பற்றிய வழக்கு இன்னும் தெளிவானது. 1819இல் சென்னை வருவாய் வாரியம், வேளாண் அடிமைகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து அறிக்கை பெற்றது. தமிழ் மாவட்டங்கள் பலவற்றிலும் மலபாரிலும் கன்னடத்திலும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட மக்கள் உளர். அவர்கள் விற்கப்படுவதும் அடகு வைக்கப்படுவதும் உண்டு என்பது வெளிப்பட்டது. இங்கிலாந்தில் அடிமை ஒழிப்பாளர், இது அடிமைத்தனமே, ஒழிக்க வேண்டும் என்றனர். நில உடைமையாளர், இவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர். நல்லது கெட்டதற்கு நாங்களே செய்கிறோம் என்றனர். இரண்டையும் கேட்ட அதிகாரிகள் பலர் இடைப்பட்ட ஒரு முடிவுக்கு வந்தனர். அடிமைத்தனம் உண்டு, ஆனால் அது மேற்கிந்தியத் தீவுகளில் உள்ளதைப் போலக் கொடியதன்று, மென்மையானது என்பது அம்முடிவு.

மென்மையான அடிமைத்தனம்! இச்சொற்றொடரைக் காணும்போதெல்லாம் நமக்கு ஆறு பல் மாடுதான் நினைவுக்கு வருகிறது. ஒருவனை விற்க முடியுமா, முடியாதா? அவன் வேறொருவனிடம் வேலைக்குப் போக விரும்பினால் போகலாமா, கூடாதா? இவை ஆம், இல்லை என்று விடை பெறும் வினாக்கள். எசமானன் இனிய சொல் பேசுகிறானா, தீபாவளிக்கு வேட்டி தருகிறானா என்பவை அவ்வினாக்களுக்கு விடையாகா.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உலக வரலாற்றில் அது ஒரு பெருநிகழ்ச்சி. ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் செயிண்ட் ஹெலினாத் தீவும் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. மேற்கிந்தியத் தீவுகளிலும் விடுதலை உடனே வந்துவிடவில்லை. உடைமையாளரின் கூற்றுக்கும் ஒழிப்பாளரின் கூற்றுக்கும் இடையே பயிற்சி ஊழியம் என்றொரு ஏற்பாடு செய்யப்பட்டது. அதன்படி 1834 முதல் முன்னாள் அடிமைகள் வாரத்தின் பெரும்பகுதி நேரம் பழைய எசமானனுக்கே கூலியின்றி உழைக்க வேண்டும். இழப்பீடாக 2 கோடி பவுன் வழங்கப்பட்டது. அது உழைத்தவருக்கன்று, உடைமையாளருக்கு. விடுதலைக்கும் அடிமைக்கும் நடுவில் ஒரு நிலை உண்டென்னும் கற்பனை நான்கே ஆண்டுகளில் உடைந்து, 1838 ஆகஸ்டு முதல் நாளில் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது.

நம் நாட்டிலோ அத்தகைய கற்பனை நீண்ட ஆயுள் பெற்றது. 1841இல் சட்ட ஆணையம் விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தது. 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அச்சட்டம் யாரையும் விடுவிக்கவில்லை. அடிமையை வைத்திருப்பது குற்றம் எனவும் கூறவில்லை. ஒருவர் மற்றொருவர் மேல் அடிமை உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் அதனை ஏற்காது என்று மட்டும் கூறியது. ஒழிக்கவும் இல்லை, காக்கவும் இல்லை என்னும் இந்த நடுவழி, சட்ட நூலில் அழகாகவே தோன்றும். நீதிமன்றத்தின் வாயிலையே கண்டிராத பண்ணையாளுக்கு அதனால் யாது பயன்? அடிமைகளை வைத்திருப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாக, 1860இல் இயற்றப்பட்டு 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது.

அதற்குள் அடிமை என்ற சொல் மறைந்து, கடன் என்ற சொல் அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. திருமணத்துக்கு வாங்கிய சிறு தொகைக்காகத் தந்தை உழைத்தான். அவன் கழித்த கடன் கழியாமல் மகன் உழைத்தான். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் இதனை ஜீதம் என்பர். இப்பக்கம் வேறு பெயர்கள் வழங்கின. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அது அவசரச் சட்டமாக வந்தது. 1843க்கும் 1976க்கும் இடையில் 133 ஆண்டுகள். ஐந்து தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஒருவர் மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார். செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டிரமென்கீர், 1891இல் அம்மாவட்டத்துப் பறையர் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனை யாருடையது, கடன் எவ்வாறு கட்டுகிறது, கூலி எவ்வளவு, தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் யார் தடுக்கின்றனர் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மனை மிராசுதாரருடையது என்றால், எதிர்த்துப் பேசுபவன் மறுநாள் குடிசையை இழப்பான் என்பதை அவர் கண்டுகொண்டார். மிராசுதாரர் இதனை மறுத்தனர். கிறித்தவப் பாதிரிமார் சிலர் ஆட்சியரின் கருத்தையே வலியுறுத்தினர். வருவாய் வாரியமோ நிலைமை மிகைப்படுத்தப்படுகிறது என்னும் போக்கில் நின்றது. இரு தரப்பையும் கேட்டு இடையில் நிற்பதாக அது தன்னை எண்ணியிருக்கக்கூடும். ஆனால் ஒரு தரப்பார் மனைகளையும் கடன்களையும் எண்ணிக் காட்டினர்; மறு தரப்பார் மறுத்தனர். எண்ணிக் காட்டுவதற்கும் மறுப்பதற்கும் சம எடை தருவது எந்தக் கோலின் நியாயம்?

அந்த அறிக்கை முற்றிலும் வீணாகிவிடவில்லை. 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணையின் வழியே தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் முறை தோன்றியது. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது அதுவே. அந்நிலங்கள் பின்னர் எவ்வாறு பிறர் கைக்குப் போயின என்பதைத் தனியே எழுத வேண்டும். அவற்றை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர் என்பதை மட்டும் இங்குக் குறிப்பிட்டு மேலே செல்வோம்.

கீழ்வெண்மணியைக் கூறாமல் இப்பொருளை எழுத இயலாது. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழைப் பகுதியில் உழவுத் தொழிலாளர் நெற்கூலியை உயர்த்தக் கேட்டனர். நிலக்கிழார் மறுத்தனர். கூலி எவ்வளவு என்பது பேசித் தீர்க்கத்தக்க வழக்கு. கணபதியா பிள்ளை ஆணையம் அதைத்தான் ஆராய்ந்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. ஆனால் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பின்னும் ‘கூலித் தகராறு, இரு தரப்பிலும் ஆத்திரம், இரு தரப்பிலும் தவறு’ என்று எழுதியவரும் பேசியவரும் உண்டு. கூலி வழக்குக்கு உரிய அளவுகோலைக் கொலை வழக்கில் கொண்டு வந்து வைத்தனர். நெல்லின் அளவைப் பாதியாகப் பிரிக்கலாம். தீ வைத்தவன் யார் என்பதைப் பிரிக்க இயலாது. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. செல்வரான அவர்கள் தாமே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவதற்கில்லை என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

கல்விக் கழகத்தின் மலராதலால் பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். நம் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்பது ஒரு கருத்தாக இருந்தது. சேர்த்து மற்றவரோடு அமர்த்த வேண்டும் என்பது மற்றொரு கருத்து. இவ்விரண்டுக்கும் நடு எது? திண்ணை. சேர்த்துக்கொள்வது, ஆனால் வெளியே அமர்த்துவது. சதாராவில் படித்த சிறுவன் அம்பேத்கர் வகுப்பின் மூலையில், தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த கோணிமேல் அமர்ந்தார். பள்ளிச் சேவகன் ஊற்றினாலன்றித் தண்ணீர் இல்லை. சேவகன் வராத நாளில் தாகத்தோடே இருந்தார். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் தம்மைக் கொடியவர் என எண்ணியிருக்க மாட்டார்கள். இரு தரப்பையும் அனுசரித்துப் போனதாகவே கருதியிருப்பர். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர்களும், ‘தேநீரே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லையே’ என்று கேட்டதுண்டு.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். புத்தர் மத்திமப் பாதையைப் போதித்தாரே. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் தழுவியது அந்தப் புத்தரின் நெறியைத்தானே என்று கேட்பர். நியாயமான வினா. புத்தர் தவிர்க்கச் சொன்ன இரு முனைகள் புலனின்பத்தில் மூழ்குவதும் உடலை வருத்துவதும் ஆகும். இவ்விரண்டையும் தாமே வாழ்ந்து பார்த்து, இரண்டும் பயன் தரவில்லை எனக் கண்டபின் வேறு வழி வகுத்தார். எந்த இரு கருத்துகள் எதிரே வந்தாலும் இடையில் கோடு கிழிக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் ஆகிறான் என்பார்க்கும் ஆகான் என்பார்க்கும் இடையே, பாதிப் பிறப்பாலும் பாதிச் செயலாலும் ஆகிறான் என அவர் தீர்ப்புக் கூறியதுண்டா? இல்லை. செயலால் மட்டுமே என்றார்.

இனி நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிக் கூற வேண்டும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, ஓசூர்ப் பள்ளியில் படித்த சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியாரை நம் வட்டாரம் பெருமையோடு நினைக்கிறது. நினைக்க வேண்டியவரே. தீண்டாமையை அவர் மனமார வெறுத்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அவர் நிறுவிய ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்டவரைச் சேர்த்துக்கொண்டார். திருச்சானூர்க் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு தாழ்த்தப்பட்டவருக்காக, நீதிமன்றப் புறக்கணிப்பு விரதத்தையும் தளர்த்தி வாதாடினார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. இராசா ஆகியோரோடு அவரும் கையெழுத்திட்டார். ஒப்பந்தம் முடிந்த மறுநாளே பம்பாய் மாநாடு, கோயில் நுழைவுத் தடை உட்பட எல்லாத் தடைகளும் விரைவில் நீங்க வேண்டும் எனத் தீர்மானித்தது.

எம். சி. இராசா நம் தொழிலினர். ஆசிரியராக இருந்து பாடநூல்கள் எழுதியவர். சென்னைச் சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்டோரின் முதல் பிரதிநிதியும் அவரே. 1937 சூலையில் இராசாசி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1938இல் இராசா இரண்டு மசோதாக்களைக் கொண்டு வந்தார். பொதுச்சாலை, கிணறு, வண்டி முதலியவற்றில் வேற்றுமை காட்டலாகாது என்னும் மசோதாவை அரசு ஆதரித்தது, அது சட்டமாயிற்று. கோயில்களைத் திறந்துவிடும் மசோதாவுக்கு அரசு உடன்படவில்லை. வைதிகர் எதிர்ப்பர், மக்களின் மனத்தை முதலில் பண்படுத்த வேண்டும், படிப்படியாகச் செல்வோம் என்பது பிரதமரின் வாதம். இராசாவின் மசோதா நிறைவேறவில்லை. அதற்கு மாற்றாக வந்த மலபார்க் கோயில் நுழைவுச் சட்டம் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் உரியது. அங்கும், கோயிலில் முன்பே வழிபட்டு வரும் சாதியினரின் பெரும்பான்மைக் கருத்தை அறிந்து திறப்பது என்பதே ஏற்பாடு. இராசா காந்தியடிகளுக்கு எழுதி முறையிட்டார். இராசாசியை நம்புமாறு அடிகள் மறுமொழி எழுதினார்.

இந்த நடுவழியைச் சற்று உற்றுநோக்குவோம். ஒரு முனையில், எக்காலத்தும் திறக்கலாகாது என்ற வைதிகர். மறு முனையில், இன்றே திறக்க வேண்டும் என்ற இராசா. இடையில், உள்ளே இருப்போரின் பெரும்பான்மை விரும்பினால் திறக்கலாம் என்னும் முடிவு. அது சமரசம் போலத் தோன்றுகிறது. ஆனால் நுழைய உரிமை உண்டா என்னும் வினாவுக்கு அது விடை கூறவில்லை. அவ்வினாவைப் பிறரது விருப்பமாக மாற்றிவிட்டது. விருப்பத்தை எண்ணும்போதும் வெளியே நிற்பவனை எண்ணவில்லை. காலம் பார்த்துச் செய்வது அரசியலார்க்கு வேண்டும்தான். கலவரம் இன்றி முடிக்க வேண்டும் என்ற கவலையும் தக்கதே. அக்கவலையை அவர் வெளிப்படையாகவே கூறினார் என்பதையும் மறுக்கலாகாது. எப்போது திறப்பது என்பதில் முன்னே பின்னே பேசலாம். திறக்க வேண்டுமா என்பதில் பேச இடமில்லை. இவை இரண்டும் அன்று ஒன்றாகக் கலந்துவிட்டன.

வேறு வழி இல்லாமல் போயிற்று என்பாரும் உளர். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஒரே பிரகடனத்தால் அரசுக் கோயில்கள் அனைத்தையும் திறந்துவிட்டார். யாரிடமும் வாக்கெடுக்கவில்லை. அண்டை நாட்டில் அதற்குள் ஓராண்டுக்கு மேல் கோயில்கள் திறந்தே இருந்தன. அங்கே அரசன், இங்கே சட்டமன்றம் என்னும் வேறுபாடு உண்டு. ஆயினும் மனம் பண்பட்ட பிறகுதான் கதவு திறக்க முடியும் என்னும் கூற்றை அந்நிகழ்ச்சி பொய்யாக்கிவிட்டது.

மதுரையில் 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் மீனாட்சி கோயிலுக்குள் சென்றனர். சென்ற பின்னர்தான், அதனை அனுமதித்த அதிகாரிகளையும் அறங்காவலரையும் வழக்குகளிலிருந்து காக்க அவசரச் சட்டமும் தொடர்ந்து சட்டமும் வந்தன. அச்சட்டத்தின் பெயரிலேயே ‘அனுமதியும் பாதுகாப்பும்’ என்ற பொருள் உண்டு. உரிமை என்ற பொருள் இல்லை. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என அறங்காவலர் கருதினால், அரசின் இசைவோடு திறக்கலாம் என்றே அது கூறியது. கருதாவிட்டால்? கதவு மூடியே இருக்கும். எத்தனையோ ஊர்களில் அவ்வாறே இருந்தது.

எம். சி. இராசா 1943இல் மறைந்தார். அவர் கேட்டதைத் தரும் சட்டம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்த 1947இல் வந்தது. எச்சாதியைச் சேர்ந்த இந்துவும் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் சென்று வழிபடலாம் என்பது அதன் சாரம். அது மாகாணம் முழுமைக்கும் உரியது. அதில், முன்னரே உள்ளே இருப்பவரின் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்னும் பிரிவு இல்லை.